எஸ்தர் வாடவிட்ட கடலைக் கொல்லை

பஸ் ஆரணிக்குள் நுழையும்போதே மேற்கே வானம் கறுத்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் தொங்கியபடி காற்றை மோந்து பார்த்தார். ஆடி முழுக்க ஒரு சொட்டு விழவில்லை. ஆவணியும் பாதிக்கு மேல் போய்விட்டது. பஸ்ஸில் இருந்த முகங்களில் எல்லாம் கல்யாண வீட்டுக் களை.

ஒரு முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அது என் முகம்.

பண்ணை வாசலில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். பண்ணை ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து அண்ணாந்து நின்றிருந்தார்கள். தேரை இழுக்க வாருங்கள் என்று கூப்பிட்டேன். யார் காதிலும் விழவில்லை. காற்று அப்படி. முதல் துளிகள் புழுதியில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மண்வாசனை எழுந்தது. ஊரே மூக்கை விரித்து இழுத்த அந்த வாசனையைத் திட்டிக்கொண்டே நான் ஓடினேன்.

தேரை நான் ஒருத்தியாகத்தான் தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்தது. அப்புறம் ஒரு சக்கரம் மண்ணில் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

என்னை அங்கேயே நனையவிட்டு, அது என்ன தேர், மழையைக் கண்டு ஒருத்தி ஏன் திட்ட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாட வைக்கிற உத்தியோகம்

இந்தத் தொடரில் போன வாரம், என் முதல் வேலைக்கான உத்தரவு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய சமயம். விவசாயம் படித்துவிட்டு வந்த பெண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், பெரியபாளையத்தை அடுத்த ஆரணி (பட்டுச்சேலை ஆரணி அல்ல) பக்கத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சிப் பண்ணையில் வைத்தார்கள். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகக் காலையில் ஒரு பஸ். அதை விட்டால் அன்று லீவுதான்.

அப்பாவுக்குத் திருவள்ளூர் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, என்ன வேலை என்று விசாரித்தார். வேர்க்கடலைக்கு எந்தப் பருவத்தில் தண்ணீரை நிறுத்தினால் எவ்வளவு பாதிக்கும் என்று பார்க்கிற வேலை என்றேன். புளியோதரைக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பயிரை வாட விடறதுக்கா சம்பளம் தரா?" என்றார்.

அதற்குத்தான் தந்தார்கள்.

நாலு பாத்திகள். ஒன்றுக்கு எப்போதும் தண்ணீர் உண்டு. இரண்டாவதற்குச் சிறு வயதில் தண்ணீர் கிடையாது, பூக்கத் தொடங்கியதும் உண்டு. மூன்றாவதற்குப் பூக்கிற சமயத்தில் கிடையாது. நாலாவதற்குக் காய் முற்றுகிற சமயத்தில் கிடையாது. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு இவற்றின் வாட்டத்தை அளப்பது என் தொழில். சுற்றிலும் ஜனங்கள் மழைக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டிருக்க, மழை வந்து என் பாத்திகளைக் கெடுத்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட ஒரே ஜீவன் நான்தான்.

நீலக் காகிதம்

பயிர் எப்படி வாடும் என்று கேட்டால், இலை தொங்கும், அவ்வளவுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் இருக்கின்றன. காற்றை உள்ளே வாங்குவதும் ஆவியை வெளியே விடுவதும் அவற்றின் வழியாகத்தான். ஒரு ரசாயனத்தில் தோய்த்துக் காயவைத்த நீலக் காகிதத்தை இலைமேல் வைத்துக் கண்ணாடித் துண்டால் கவ்விவிட வேண்டும். வாய் திறந்திருந்தால் ஈரம் பட்டுக் காகிதம் ரோஜா நிறமாகிவிடும். மூடியிருந்தால் நீலம் நீலமாகவே இருக்கும்.

தண்ணீர் குடித்த பாத்தியில் உச்சி வெயிலிலும் ரோஜா பூத்தது. காய்ந்த பாத்தியில் காலை வெயில் ஏறும்போதே எல்லாம் நீலம். தாகம் எடுத்த செடி வாயை இறுக்கி மூடிக்கொள்கிறது. தண்ணீர் மிச்சமாகும். ஆனால் காற்றும் உள்ளே போகாது. காற்று இல்லாமல் செடி சோறு ஆக்க முடியாது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டினி கிடக்கிறது. தொட்டுப் பார்த்தால் இலை காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். நாலு இலைகளும் கை கூப்பின மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெயில் முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்.

வேரில் இன்னொரு கூத்து. கடலை, பயறு, உளுந்து இவற்றுக்கெல்லாம் வேரில் கடுகுபோல முடிச்சுகள் உண்டு. அவற்றுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து உரம் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். வாடகையாகச் செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கும். நல்ல முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே ஈறுபோலச் சிவந்திருக்கும். வறண்ட பாத்தியில் கிள்ளினால் பச்சையும் சாம்பலுமாகச் செத்துக் கிடக்கும். செடிக்கே சோறில்லாதபோது குடித்தனக்காரருக்கு ஏது?

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அப்பா ரசித்துக் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தச் செடிக்கு நாளைக்காவது ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வா என்றார்.

சாலமன் செய்த தேர்

மழை வந்தால் பாத்திகளை மூட வேண்டும். அதற்காக எங்கள் அதிகாரி ரங்கசாமி சார் ஒரு நகரும் கொட்டகை வேண்டுமென்று எழுதிப் போட்டு வாங்கினார். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு பட்டறையில் வெல்டராக இருந்த சாலமன் அதைச் செய்து கொண்டுவந்து நிறுத்தினான். இரும்புச் சட்டம், மேலே தார்ப்பாய், கீழே சக்கரம், சக்கரம் ஓட இரும்புப் பட்டை. பண்ணை ஆட்கள் முதல் நாளே அதற்குத் தேர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சாலமனின் வீடு எங்கள் பண்ணை வேலியை அடுத்த தெருவில்தான். தினமும் கவரைப்பேட்டை வரை சைக்கிள், அங்கிருந்து ரயில். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவன்தான் முதலில் அதைவிட்டு வெளியே வந்தான். காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்வான்.

அவன் மனைவி எஸ்தர். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவள். வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் புன்செய்க் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து, ஆனிக் கடைசி மழை ஈரத்தில், ஆடி பிறந்ததும் வேர்க்கடலை போட்டிருந்தாள். அவர்கள் குடும்பத்தில் சொந்தப் பொறுப்பில் போட்ட முதல் பயிர் அது. இதில் சாலமனுக்குத் துளியும் இஷ்டமில்லை. தேரைப் பூட்டிக்கொண்டே ஒருநாள் என்னிடம் சொன்னான்.

"எங்கப்பன் ஆயுசு பூரா கொல்லையில குனிஞ்சே கெடந்தான்மா. நான் நிமிந்து நிக்கக் கத்துகினேன். இவ மறுபடி குனிய சொல்றா."

எஸ்தர் வேலி ஓரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எங்க மாமனாரு எப்ப குனியணும்னு அடுத்தவன் சொன்னான். இங்க நான் சொல்றேன்" என்றாள்.

இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இந்தக் கடலை தேறினால் நிலம் இருக்கும். தேறாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் லைன் வீடு பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும்.

காட்டக்கூடாது என்று சொல்லவில்லை

அந்தப் பக்கத்துக் கொல்லைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கிணறு. நிலத்துக்கும் கிணற்றுக்கும் சொந்தக்காரர் தெலுங்கு பேசும் பெரியவர். எல்லோரும் அவரை நைனா என்றே கூப்பிடுவார்கள். மழை இல்லாமல் கிணறு இறங்கிக்கொண்டே போனது. நைனா எல்லோரையும் கூப்பிட்டு, இனி ஆளுக்கு ஒரே முறைதான் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் போடலாம், எப்போது போடுவது என்பது அவரவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

கடலைக்கு அப்போது சிறு வயது. உச்சி வெயிலில் இலைகள் கூம்பி நின்றன. மற்றவர்கள் பொறுக்க முடியாமல் உடனே தண்ணீர் கட்டத் தயாரானார்கள். எஸ்தர் மட்டும் வேலியருகே வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்தில் பஸ்ஸில் வரும் பெண்கள் எல்லோரும் டீச்சர்தான்.

"டீச்சரு, நீங்க தெனம் இதத்தானே பாத்துகினு இருக்கீங்க. இப்ப பாச்சட்டுமா, வெச்சிகினு அப்பறமா பாச்சட்டுமா?"

எனக்கு விடை தெரியும் என்றே நினைத்தேன். ஆனால் ரங்கசாமி சார் கோயமுத்தூர்க்காரர். கறாரானவர். ஒரே ஒரு போகத்தை வைத்துக்கொண்டு குடியானவர்களுக்கு யோசனை சொல்லக்கூடாதுங்க, நாளைக்குத் தப்பாகப் போனால் அவர்கள் வயிற்றில்தான் அடிங்க என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஆகவே நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. வேலிப் படலைத் திறந்து, உள்ளே வந்து பாருங்கள் என்றேன். சொல்லக்கூடாது என்றுதான் உத்தரவு. காட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் கடலை கிணற்றுத் தண்ணீரில் முன்கூட்டியே போட்டது. எஸ்தரின் பயிரைவிட ஒரு மாதம் மூத்தது. சின்ன வயதில் காய்ந்து, பிறகு தண்ணீர் குடித்த இரண்டாம் பாத்திக்கு அழைத்துப் போனேன். காலை நேரம். பாத்தி முழுக்க மஞ்சள் பூ. பட்டினி கிடந்ததற்கெல்லாம் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் பூத்திருந்தது.

பிறகு மூன்றாம் பாத்தி. பூக்கிற சமயத்தில் காய்ந்தது. கடலையில் பூ உதிர்ந்ததும் அதன் அடியிலிருந்து ஊசிபோல ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் உள்ளே போய்க் காயாகும். இங்கே விழுதுகள் பாதி வழியில் தொங்கின. நுனி கருகியிருந்தது. மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. எஸ்தர் உட்கார்ந்து விரலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். விரலே இறங்கவில்லை.

"சின்னதுல பட்டினி கெடந்தது பொழச்சிகிச்சு. பூ வெச்சப்பறம் கெடந்தது போயே போச்சு. அப்டிதானே?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"தப்பா போனா இன்னா ஆவும் டீச்சரு?"

"உங்க கொல்லை போகும். என் வேலை போகும்" என்றேன். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அவள் புடவையில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அன்று அவள் இன்ஜின் போடவில்லை.

சாலமன் கேட்ட கேள்வி

மற்ற கொல்லைகள் தண்ணீர் குடித்துத் தளதளவென்று நின்றன. எஸ்தரின் கொல்லை மட்டும் நிறம் மங்கி, இலை மூடி, ஏதோ சாவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆண் பிள்ளை பட்டறைக்குப் போனால் கொல்லை இப்படித்தான் இருக்கும் என்று அவள் காதுபடவே பேசினார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன். 

ஒரு காலையில் சாலமன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பண்ணை வாசலில் நின்றான். நாஷ்டா தூக்கு கைப்பிடியில் தொங்கியது. முகம் சரியில்லை.

"நான் செஞ்ச தேருக்குக் கீழ நீங்க பயிர வாட்றது உங்க வேலமா. எங்க கொல்லைய எதுக்கு வாட்றீங்க? இந்தக் கொல்ல வேணாம்னுதான் நான் சொல்லிகினு இருக்கேன். ஆனா அது இப்டி அசிங்கப்பட்டுப் போவ வேணாம்."

எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது அந்தக் கடைசி வார்த்தையில்தான். ஒரு மண்வெட்டி எடுத்து வரச் சொன்னேன். எஸ்தரும் வந்தாள். அவள் கொல்லையில் ஒரு செடியை ஆழமாகத் தோண்டி எடுத்தோம். பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேட்டு அங்கேயும் ஒன்று. ஈரம் மேலேயே கிடைத்த செடியின் வேர் மேலேயே பாய் விரித்துப் படுத்திருந்தது. எஸ்தரின் செடி தண்ணீரைத் தேடி நேராகக் கீழே போயிருந்தது. தோண்டத் தோண்ட முடியவில்லை. நுனி அறுந்துதான் வந்தது.

சாலமன் இரண்டையும் தன் முழங்கையோடு வைத்துப் பார்த்தான். கம்பி அளக்கிற பழக்கம்.

"மேல ஒண்ணுமில்லாம அடியில வேல செய்யுது" என்றான். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, எல்லாம் பேஜாரு என்று முணுமுணுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.

ஆவணி பிறந்தது. எஸ்தரின் கொல்லையில் மஞ்சள் தலைகாட்டியது. பிறகு விழுதுகள் கிளம்பின. அன்று காலை அவள் தன் முறையைக் கேட்டாள். நைனா தலையாட்டினார். இன்ஜின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் குழாய் தண்ணீருக்குப் பதில் காற்றைத் துப்பியது. கிணறு அவ்வளவு கீழே போயிருந்தது. எஸ்தர் வாய்க்காலில் கால் வைத்தபடி நின்றாள்.  

சாலமன் அன்று வேலைக்குப் போகவில்லை. போகவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். பட்டறையிலிருந்து கொண்டுவந்த குழாய்த் துண்டைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினான். முன்தினமே கிணற்றை எட்டிப் பார்த்து அளந்துகொண்டு போயிருக்கிறான். குழாயை நீட்டிப் பூட்டியதும் தண்ணீர் வந்தது. கொல்லை முழுக்க இல்லை. மேற்கு ஓரம் ஒரு பட்டைக்கு எட்டாமலேயே கிணறு வற்றிவிட்டது. மற்ற இடமெல்லாம் மண் இளகியது.

மறுபடியும் மழை

இனி என்னை நனையவிட்ட இடத்துக்கு வரலாம். தேர் சிக்கிக்கொண்டது. நாலாம் பாத்தி திறந்து கிடந்தது. காய் முற்றும் சமயத்தில் காய்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க இத்தனை நாள் காத்த பாத்தி. ஒரு மழை விழுந்தால் அத்தனையும் வீண். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். இரும்பு தோளை அழுத்தியதுதான் மிச்சம்.

அப்போது பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து சட்டத்தைப் பிடித்தது. எஸ்தர். தலையில் முந்தானை, முகமெல்லாம் தண்ணீர். படலை உடைத்துக்கொண்டே வந்திருந்தாள். பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உங்கள் கொல்லையில் இத்தனை நாளைக்கப்புறம் மழை பெய்கிறது, நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்றேன்.

"அங்க நான் எதுக்கு டீச்சரு? அது பாட்டுக்குப் பெய்யுது. இங்கதான் ஆளு வேணும்."

அவள் குனிந்து சக்கரத்தடியில் மண்ணைக் கையால் வாரி எறிந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு தள்ளு. தேர் கிறீச்சென்று கத்திவிட்டு ஓடியது. தார்ப்பாய்மேல் மழை கொட்டு அடித்தது. நாங்கள் அதற்குக் கீழே, அந்த வட்டாரத்திலேயே நனையாத ஒரே மண்ணில், வாடிய செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். எஸ்தர் தன் கொல்லை இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பார்த்தாள்.

பிடுங்கிய நாள்

எஸ்தர் கடலை பிடுங்கிய அன்று ரங்கசாமி சாரும் வந்தார். நான் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் அவரிடம் முன்பே சொல்லிவிட்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குள் நடந்தார்.

செடிகள் பார்வைக்குக் குட்டைதான். பிடுங்கினால் கொத்துக் கொத்தாகக் காய். உரித்தால் பருப்பு ஓடு நிறைய இருந்தது. தண்ணீர் எட்டாத மேற்கு ஓரத்தில் செடிக்கு நாலைந்து காய்தான். அதிலும் பாதி பொக்கு. பக்கத்துக் கொல்லைகளில் செடி முழங்காலளவு வளர்ந்து அழகு. ஆனால் பூத்த நேரத்தில் காய்ந்து, மழைக்குப் பிறகு மறுபடி பூத்ததால், பெரும்பாலும் முற்றாத பால்காய். அந்தக் கொல்லைக்காரர்களில் ஒருவர் எஸ்தரின் செடியை வாங்கி உதறிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கொல்லைக்கு நடந்தார். அவரைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

ரங்கசாமி சார் மேற்கு ஓரத்திலேயே நெடுநேரம் நின்றார். பிறகு எஸ்தரிடம் போய், இந்த ஓரத்துச் செடிகளையும் நடுவிலிருந்து கொஞ்சம் செடிகளையும் எங்களுக்குத் தர முடியுமாங்க என்று கேட்டார். நம்ம பாத்தியைவிட இது நல்லா விளங்குதுங்க என்றார் என் பக்கம் திரும்பி. அதன்பின், ஆனாலும் ஒரு போகம்தானுங்க என்றும் சேர்த்துக்கொண்டார்.

சாலமன் லைன் வீட்டுப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. ரயிலில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தான். ஞாயிறுகளில் வேதக்கோயிலுக்குப் போய்விட்டு வந்து, தேய்த்த சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு வரப்பு வெட்டினான்.

துணி தோய்த்த காலை

அடுத்த வருஷமும் ஆடி பொய்த்தது. நைனா மறுபடி ஆளுக்கு ஒரு முறை என்றார். இந்தத் தடவை யாரும் இன்ஜின் பக்கம் போகவில்லை. களை எடுக்கிற சாக்கில் எல்லோரும் எஸ்தரின் கொல்லையையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை, நான் நீலக் காகிதத்தோடு பாத்தியில் உட்கார்ந்திருந்தபோது, கிணற்றடியில் இன்ஜின் சத்தம் கேட்டது. போட்டவள் எஸ்தர். அவ்வளவுதான். எங்கிருந்தோ மண்வெட்டிகள் கிளம்பின. அடுத்த முறை யாருக்கு என்று வரப்பில் தள்ளுமுள்ளு. ஒருவர் தன் வாய்க்காலை வெட்டியே விட்டார். நைனா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

தொட்டி பக்கத்தில் எஸ்தர் ஒரு மலை அழுக்குத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். சாலமனின் காக்கிச் சட்டையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னா நைனா, துணி தோய்க்கத் தொட்டிக்கு ரெண்டு கொடம் எடுத்துகினேன். கொல்லைக்கா போட்டேன்? இன்னும் பூவே வெக்கல."

நைனா நெற்றியில் அடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய்க்காலை வெட்டியவர் அதைக் காலால் மண் தள்ளி மூடினார். பிறகு மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தத்தம் கொல்லையில் பூ வைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள்.